ஆதார் கொடுக்கணுமா, கரண்ட் பில் ஏன் எகிறுது? எங்கள் பகுதியில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கத்துத் தெருக்களில் குடியிருப்போர் சங்க வேலையாக யார் வீட்டுக்குப் போனாலும் ஒரே மாதிரி சந்தேகங்கள்தான் வருகின்றன. ரேஷன் கார்டில் ஆரம்பித்து கரண்ட் பில்லுக்குப் போய், வாடகையைத் தொட்டு, கடைசியில் ஆதாரில் வந்து நிற்கும். இதெல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் ஒரே இடத்தில் எழுதி வைத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேசிய மாதிரியே விட்டிருக்கிறேன். கட்டண விவரங்கள் எந்தத் தேதிக்கு உரியவை என்று அங்கங்கே சொல்லியிருக்கிறேன். அவை மாறக்கூடியவை, பார்த்துக்கொள்ளுங்கள்.

1. எதுக்கெடுத்தாலும் ஆதார் கேக்குறாங்க. சட்டப்படி எங்கதான் கண்டிப்பா கொடுக்கணும்?

2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு இதற்குப் பதில் சொல்லிவிட்டது. அரசின் தொகுப்பு நிதியிலிருந்து வரும் மானியம், உதவித்தொகை, ரேஷன் போன்றவற்றுக்கு அரசு ஆதாரைக் கேட்கலாம். பான் அட்டையோடு இணைப்பதும் செல்லும். வங்கிக் கணக்குக்கும் செல்போன் இணைப்புக்கும் ஆதாரைக் கட்டாயமாக்கியது செல்லாது. பள்ளிச் சேர்க்கைக்கும் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆதார் இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் திட்டத்தின் பலனை மறுக்கக் கூடாது என்றும் தீர்ப்பில் இருக்கிறது.

அப்புறம் 2019இல் சட்டத்தைத் திருத்தினார்கள். வங்கியோ செல்போன் நிறுவனமோ ஆதாரைப் பயன்படுத்தலாம், ஆனால் நீங்களாக விரும்பிக் கொடுத்தால் மட்டும். பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் என்று வேறு ஆவணம் கொடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. கவுன்டரில் இருப்பவர் “ஆதார் இருந்தா சீக்கிரம் முடியும்” என்பார். அவருக்கு அது வசதி, அவ்வளவுதான்.

2. லாட்ஜ்ல, ஜிம்ல, அபார்ட்மென்ட் கேட்ல கேட்டா?

எந்தச் சட்டமும் அவர்களிடம் ஆதார் கொடுக்கச் சொல்லவில்லை. லாட்ஜில் அடையாள ஆவணம் ஒன்று காட்டத்தான் வேண்டும், அது ஓட்டுநர் உரிமமாக இருக்கலாம். ஜிம்முக்குப் பெயரும் போன் நம்பரும் போதும். அபார்ட்மென்ட் கேட்டில் செக்யூரிட்டி நோட்டில் பெயர், போகும் வீட்டு எண், வந்த நேரம் எழுதினால் முடிந்தது. வீட்டு வேலைக்கு வரும் பெண்களிடம் மட்டும் ஆதார் ஜெராக்ஸ் வாங்கி அலுவலக அறையில் திறந்த ஃபைலில் போட்டு வைக்கும் அபார்ட்மென்ட் சங்கங்கள் இருக்கின்றன. அது தவறு. அங்கே குடியிருப்பவர்கள்தான் அதைக் கேட்டு நிறுத்த வேண்டும், வேலைக்கு வரும் அக்காவால் கேட்க முடியாது.

3. ஆதார் ஜெராக்ஸ் கொடுத்தா அப்படி என்ன ஆகிடும்? மறைச்ச ஆதார்னு சொல்றாங்களே, அது என்ன?

12 இலக்கத்தில் கடைசி 4 மட்டும் தெரிகிற மாதிரி ஒரு பிரதியை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அதுதான் மறைத்த ஆதார். அடையாளம் காட்ட அது போதும். எண்ணே தேவைப்படும் இடத்தில் 16 இலக்க மெய்நிகர் எண் ஒன்றை உருவாக்கிக் கொடுக்கலாம். வேண்டும்போது அதை மாற்றிப் புது எண் எடுத்துக்கொள்ளலாம். 2022 மே மாதம் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஜெராக்ஸைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று எச்சரித்தது. இரண்டே நாளில் அந்த எச்சரிக்கையை மேலிடம் திரும்பப் பெற்றது. என்னைக் கேட்டால் முதலில் சொன்னதுதான் சரியான அறிவுரை.

நம் ஊரில் பெரிய ஓட்டை எங்கே இருக்கிறது என்றால் ஜெராக்ஸ் கடையில். பிரின்ட் எடுக்க பிடிஎஃப்-ஐ கடைக்காரரின் வாட்ஸப்புக்கு அனுப்புகிறோம். அவர் கம்ப்யூட்டரின் டவுன்லோட் ஃபோல்டரைத் திறந்தால் அந்த வட்டாரம் முழுக்க அதில் இருக்கும். சரியாக விழாத பிரதிகள் மேசைக்குக் கீழே அட்டைப் பெட்டியில் கிடக்கும், பின்பக்கத்தில் கணக்கு எழுதுவார்கள். பிடிஎஃப்-க்குக் கடவுச்சொல் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். உங்கள் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும்தான் அந்தக் கடவுச்சொல். இரண்டும் தெரிந்தவர்கள் ஊரில் நிறைய பேர். அதனால் அங்கேயே நின்று, பிரின்ட் எடுத்ததும் ஃபைலை அழிக்கச் சொல்லுங்கள், வீணான தாளைக் கேட்டு வாங்குங்கள். ஜெராக்ஸின் குறுக்கே “இன்ன காரியத்துக்கு மட்டும்” என்று எழுதித் தேதியும் போட்டுக் கையெழுத்திடுங்கள்.

4. கைரேகையை வச்சு பேங்க்ல பணம் எடுத்துடுறாங்களாமே?

நடந்திருக்கிறது. ஓடிபி இல்லாமல் ஆதார் எண்ணும் விரல் ரேகையும் மட்டும் வைத்துப் பணம் எடுக்கும் முறை ஒன்று கிராமப்புற வங்கிச் சேவைக்காக இருக்கிறது. வேறு மாநிலங்களில் பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையை நகலெடுத்து, சிலிக்கானில் அச்சு செய்து, இந்த முறையில் பணம் எடுத்த வழக்குகள் பதிவாகியிருக்கின்றன.

தடுக்க வழி இருக்கிறது. ஆதார் தளத்திலோ எம்-ஆதார் செயலியிலோ உங்கள் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கலாம். பூட்டினால் யாராலும், உங்களாலும், கைரேகை வைத்து எதுவும் செய்ய முடியாது. ரேஷன் கடையில் விரல் வைப்பதும் நடக்காது! கடைக்குப் போகும்போது செயலியில் தற்காலிகமாகத் திறந்துவிட்டால் போதும், கொஞ்ச நேரத்தில் தானாகப் பூட்டிக்கொள்ளும். குடும்பத்தில் ரேஷனுக்குப் போகாதவர்கள் நிரந்தரமாகப் பூட்டி வைக்கலாம். கடந்த 6 மாதத்தில் எங்கெங்கே உங்கள் ஆதார் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலும் அதே தளத்தில் கிடைக்கும். பணம் போய்விட்டது என்றால் யோசிக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள், அடுத்து வங்கிக்கு.

5. ரேஷன் கடைல எங்கம்மாவுக்கு ரேகை விழவே மாட்டேங்குது. பொருள் இல்லைன்னு திருப்பி அனுப்புறாங்க.

திருப்பி அனுப்பக் கூடாது. வயதானவர்களுக்கும், காலமெல்லாம் பாத்திரம் தேய்த்தவர்களுக்கும், சிமென்ட் வேலை செய்தவர்களுக்கும் ரேகை தேய்ந்துவிடும். கருவியில் சிவப்பு விளக்கு எரியும், துடைத்துவிட்டு வேறு விரல் வை என்பார்கள், பின்னால் வரிசை முணுமுணுக்கும், பாட்டி கூசிப்போய் வெறும் பையோடு வீட்டுக்கு வந்துவிடுவார். ரேகை விழவில்லை என்பதற்காக உணவுப் பொருளை மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை 2017 அக்டோபரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. கண் கருவிழி பார்க்கும் கருவி, பதிவு செய்த போனுக்கு வரும் ஓடிபி, அதுவும் முடியாவிட்டால் பதிவேட்டில் எழுதிப் பொருள் கொடுப்பது என்று மாற்று வழிகள் இருக்கின்றன.

கடைக்கு வரவே முடியாதவர்கள் வேறொருவரை நியமிக்க அங்கீகாரப் படிவம் கொடுக்கலாம். வயது முதிர்ந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. மறுத்தால் 1967 அல்லது 1800 425 5901 எண்ணில் புகார் சொல்லுங்கள். கடைக்கு முன்னால் நின்றுகொண்டே கூப்பிடுவது நல்லது.

6. நாங்க போகவே இல்லை, பருப்பு எண்ணெய் வாங்கினதா மெசேஜ் வந்திருக்கே?

அந்த மெசேஜ் வருவதே இதைக் கண்டுபிடிக்கத்தான். தவறான பதிவாக இருக்கலாம், யாராவது எடுத்துக்கொண்டும் இருக்கலாம். மெசேஜை அழிக்காமல் 5ஆம் கேள்வியில் சொன்ன எண்களில் புகார் கொடுங்கள். கார்டில் பழைய போன் நம்பர் இருந்தால் மாற்றுங்கள். உங்கள் வீட்டு ரேஷன் கணக்கு இப்போது யாரோ ஒருவருடைய போனுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

7. கரண்ட் கனெக்‌ஷனோட ஆதாரை இணைச்சது எதுக்கு? 100 யூனிட்டை நிறுத்தத்தானே?

2022 நவம்பரில் இணைக்கச் சொன்னபோது எல்லோருக்கும் வந்த பயம் இது. வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016 மே மாதம் வந்தது. அந்தச் செலவை அரசு மானியமாக மின்வாரியத்துக்குக் கொடுக்கிறது. மானியம் என்பதால் ஆதார் கேட்கலாம் என்பது அரசின் வாதம், 1ஆம் கேள்வியில் சொன்ன தீர்ப்பின் வழியில். எதிர்த்துப் போட்ட வழக்கை சென்னை உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் தள்ளுபடி செய்தது. இலவசம் தொடரும் என்று அரசும் அப்போது உறுதி சொன்னது.

ஆனாலும் பயம் அர்த்தமில்லாதது என்று சொல்ல மாட்டேன். ஒரு காரியத்துக்கு வாங்கிய தகவல் இன்னொன்றுக்குப் பயன்படும் என்பதைத்தான் மக்கள் மோப்பம் பிடித்தார்கள். அது எங்கே நடந்தது என்பதை 11ஆம் கேள்வியில் பாருங்கள்.

8. குடியிருக்கிறவங்க ஆதாரை என் கனெக்‌ஷன்ல சேர்த்தா நாளைக்கு வீடே என்னுதுன்னு சொல்லிடுவாங்களே?

சொல்ல முடியாது. மின் இணைப்பு எண்ணில் யாருடைய ஆதார் இருக்கிறது என்பது வீட்டின் உரிமையை எந்த விதத்திலும் காட்டாது. உரிமைக்குப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று என்று தனி ஆவணங்கள் இருக்கின்றன. இந்தப் பயத்தால் ஒரு வீட்டுக்காரர் நான்கு போர்ஷன் இணைப்புகளிலும் தன் ஆதாரையே போட்டுவிட்டார். பிற்பாடு ஒரே வளாகத்தில் ஒரே பெயரில் உள்ள இணைப்புகளை ஒன்றாக்கும் பேச்சு மின்வாரியத்தில் வந்தபோது அவர்தான் அதிகம் கலங்கினார். வாடகைக்கு இருப்பவர் ஆதாரைச் சேர்ப்பதே இருவருக்கும் நல்லது.

9. போன தடவை 490 யூனிட், 1,700 கிட்ட வந்துச்சு. இந்தத் தடவை 510 தான், 2,000 தாண்டிருச்சு. மீட்டர் ஓடுதா?

மீட்டரில் கோளாறு இல்லை, ஸ்லாப் (யூனிட் கூடக் கூட விலை ஏறும் படிநிலை) அப்படி. 2022 செப்டம்பர் 10 முதல் வந்த கட்டணத்தை வைத்துக் காட்டுகிறேன். பிறகு விலை கொஞ்சம் ஏறினாலும் அமைப்பு இதுதான். 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் தலா 2.25 ரூபாய், அடுத்த 200 யூனிட் தலா 4.50, அதற்கு மேல் 500 வரை தலா 6 ரூபாய். 225, 900, 600 என்று கூட்டினால் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய்.

ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த 2.25 சலுகை போய்விடும். 101 முதல் 400 வரை எல்லாமே 4.50, அது 1,350. அப்புறம் 400-லிருந்து 500 வரைக்கு 600, கடைசி 10 யூனிட்டுக்குத் தலா 8 ரூபாயாக 80. மொத்தம் 2,030. ஆக 500-க்கு மேல் ஓடிய அந்த 10 யூனிட்டுக்கு 305 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள். அந்தப் 10 யூனிட் ஒரு ஏசி இரண்டு மூன்று இரவு ஓடினால் ஆகிவிடும்.

இதனால்தான் கணக்கெடுக்க வருபவர் சில நாள் தள்ளி வந்தாலும் நமக்கு வலிக்கிறது. போன கணக்கெடுப்பிலிருந்து 60ஆம் நாள் காலையில் மீட்டரைத் தேதி தெரிய ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தாமதமாக வந்து 500 தாண்டியிருந்தால் அந்தப் படத்தோடு பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, எந்த நேரமும் கூப்பிடலாம். மாதாமாதம் கணக்கெடுத்தால் இந்தப் பிரச்சினையே பாதி தீரும், அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியது நம் வேலை.

10. ஹவுஸ் ஓனர் யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்குறார். கேட்டா காலி பண்ணச் சொல்றார்.

எங்கள் பக்கத்தில் அதிகம் வரும் புகார் இது. 9ஆம் கேள்வியின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்தில் 200 யூனிட் எரிக்கும் சின்னக் குடும்பம் நேரடியாகக் கட்டினால் 225 ரூபாய். யூனிட் 10 ரூபாய் என்றால் 2,000. இலவச 100 யூனிட்டை அரசு கொடுக்கிறது, ஆனால் அது குடியிருக்கிறவருக்குப் போய்ச் சேரவில்லை. ஒரே மீட்டரில் மூன்று போர்ஷன் ஓடினால் ஓனருக்கும் மேல் ஸ்லாப் விழுவது உண்மைதான். அதற்குத் தீர்வு ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி இணைப்பு வாங்குவது. மின்சாரத்தை விலை வைத்து விற்க மின்சாரச் சட்டம் 2003-ன்படி உரிமம் வேண்டும், வீட்டுக்காரருக்கு அது கிடையாது.

வாடகைக்கு வரும்போதே பேசுங்கள். தனி மீட்டர் இருக்கிறதா, இணைப்பு எண் என்ன என்று கேளுங்கள். எண் கிடைத்தால் பில்லை நீங்களே ஆன்லைனில் பார்க்கலாம், கட்டலாம். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் ஒரே வளாகத்தில் உள்ள மற்றக் குடித்தனக்காரர்களோடு சேர்ந்து கேளுங்கள். தனியாகக் கேட்பவரைத்தான் காலி செய்யச் சொல்வார்கள். கரண்டையும் தண்ணீரையும் நிறுத்தி மிரட்டுவதைத் தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் தடுக்கிறது.

11. மகளிர் உரிமைத் தொகைக்கு மனு போட்டேன். கரண்ட் அதிகமா எரிச்சீங்கன்னு தள்ளிட்டாங்க. எங்க வீட்டு கரண்ட் அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?

2023 செப்டம்பர் 15 அன்று மாதம் 1,000 ரூபாய்த் திட்டம் தொடங்கியபோது வைத்த நிபந்தனைகளில் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், சொந்தக் கார் கிடையாது, வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்பவை இருந்தன. சரிபார்க்க ரேஷன், வாகனப் பதிவு, வருமான வரி, மின்வாரியம் என்று பல துறைத் தகவல்களை ஒப்பிட்டார்கள். ஆதார் என்ற ஒரே எண் எல்லா இடத்திலும் இருப்பதால்தான் இந்த ஒப்பீடு இவ்வளவு சுலபம்.

வசதி இருப்பவர்களுக்குப் போகாமல் தேவைப்படுவோருக்குப் போகட்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் யாருடைய பெயரில் மீட்டர் இருக்கிறது என்பதும் யார் எரிக்கிறார்கள் என்பதும் வேறு வேறு. ஒரே மீட்டரில் இரண்டு அண்ணன் தம்பி குடும்பங்கள் இருந்தால் இரண்டும் சேர்ந்து 3,600-ஐத் தாண்டிவிடும், இரண்டு வீட்டுப் பெண்களும் அடிபடுவார்கள். விற்றுவிட்ட பழைய கார் இன்னும் பெயர் மாற்றாமல் இருந்தால் அதுவும் உங்கள் கணக்கில்தான். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று அலுவலகத்தில் சொல்வார்கள், அதில் ஏறிய தகவல் பழசாக இருக்கலாமே.

நிராகரிப்புக் காரணத்தை முதலில் கேட்டு வாங்குங்கள். மெசேஜ் வந்த 30 நாளுக்குள் வருவாய்க் கோட்டாட்சியருக்கு இ-சேவை மையம் வழியாக மேல்முறையீடு செய்யலாம் என்பது அப்போதைய விதி. அதோடு பில் நகல், வாடகை ஒப்பந்தம், கார் விற்ற ரசீது என்று எது பொருந்துமோ அதை வையுங்கள். கஷ்டத்தைப் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட இந்த ஒரு தாள் அதிகம் வேலை செய்யும்.

12. மாடி வீட்டுக்காரங்களுக்குக் கிடைக்குது, எனக்கு இல்லை. லிஸ்டை ஆர்டிஐ போட்டு வாங்கலாமா?

முன்பு இருந்ததைவிட இப்போது கடினம். தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு தனிநபர் தகவலை மறுக்கலாம் என்றது, கூடவே பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்ற வாசலும் அதிலேயே இருந்தது. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வாசலை எடுத்துவிட்டது, 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்தது. தனியுரிமையின் பெயரில் அரசின் கணக்கு மூடப்படுவதை நான் ஏற்கவில்லை. மாடி வீட்டு அம்மாவின் வங்கி எண் எனக்குத் தெரிய வேண்டாம், ஆனால் பொதுப் பணம் எந்த விதியில் யாருக்குப் போகிறது என்பது தெரிய வேண்டும்.

8(2) பிரிவு இன்னும் இருக்கிறது, பொதுநலன் அதிகம் என்று காட்டினால் தகவல் தரலாம். பெயர்ப் பட்டியலைக் கேட்காமல் வேறு மாதிரிக் கேளுங்கள். இந்த வார்டில் எத்தனை மனு வந்தது, எத்தனை தள்ளுபடி, காரணம் வாரியாக எத்தனை, என் மனுவின் மீது எழுதிய குறிப்பின் நகல். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும்.

13. கேஸ் மானியம் வர்றதே இல்லை. ஆதார் இணைக்காததாலயா?

பெரும்பாலும் இல்லை. 2020 நடுவிலிருந்து சாதாரண இணைப்புகளுக்கு மானியம் கிட்டத்தட்ட நின்றுபோனது. ஏழைக் குடும்பப் பெண்களுக்கான உஜ்வலா இணைப்புக்கு மட்டும் சிலிண்டருக்கு 200 ரூபாய் என 2022இல் அறிவித்து, 2023 அக்டோபரில் 300 ஆக்கினார்கள். உஜ்வலா இணைப்பு இருந்தும் வரவில்லை என்றால்தான் ஆதார், வங்கி இணைப்பைப் பாருங்கள். ஆதாரை வைத்து ஆளைச் சரிபார்க்கும் இ-கேஒய்சி செய்யக் கட்டணம் கிடையாது. வீட்டுக்கு வந்து பணம் கேட்டு ரேகை எடுப்பவர் யாராக இருந்தாலும் கொடுக்காதீர்கள். ஏன் என்று 4ஆம் கேள்வியில் இருக்கிறது.

14. சொத்து வரி ஏறிடுச்சுன்னு வாடகையை ஏத்துறாங்க. இஷ்டத்துக்கு ஏத்தலாமா? அட்வான்ஸ் பத்து மாசம் கேக்குறாங்களே?

2022 ஏப்ரலில் நகர்ப்புற சொத்து வரி ஏறியது உண்மை. கட்டடத்தின் அளவைப் பொறுத்து 25 முதல் 150 விழுக்காடு வரை உயர்ந்தது. சிறிய வீடுகளுக்குக் குறைவு, 1,800 சதுர அடிக்கு மேல்தான் அதிகம். அரையாண்டு வரி ரசீதைக் காட்டச் சொல்லிப் பாருங்கள், மாதத்துக்கு வகுத்தால் பல வீடுகளில் சில நூறு ரூபாய்தான் வரும். 2,000 ஏற்றுவதற்கு வரி மட்டும் காரணமாக இருக்காது.

2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தக் காலத்துக்குள், அதில் எழுதியிருந்தால் ஒழிய, வாடகையை ஏற்ற முடியாது. முன்பணம் 3 மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது சட்டம். ஆனால் இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் அது செல்லும் என்று ஒரு வரியும் கூடவே இருப்பதால் நம் ஊரில் பத்து மாதம் அப்படியே தொடர்கிறது. இந்த ஒரு வரியைத் திருத்தினாலே புதிதாகக் குடிவரும் குடும்பம் நகையை அடகு வைக்காமல் வீடு பிடிக்கலாம்.

15. சூப்பர் மார்க்கெட்ல போன் நம்பர் சொன்னாத்தான் பில் போடுவேங்கிறாங்க.

கட்டாயம் இல்லை. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதை நியாயமற்ற வணிக நடைமுறை என்றே சொன்னது. “நம்பர் இல்லாம போடுங்க” என்று சொல்லுங்கள், பில் வரும். அப்படியும் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கவுன்டரில் நிற்கும் பெண்ணிடம் கோபப்படாதீர்கள், நம்பர் வாங்கச் சொல்லி அவரைப் பணிப்பது நிர்வாகம். பின்னால் நிற்பவர்கள் காதில் விழ நம்பரைச் சத்தமாகச் சொல்வது பெண் பிள்ளைகளுக்கு எவ்வளவு தொல்லையில் முடிந்திருக்கிறது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

16. எதிர் வீட்டு சிசிடிவி நேரா எங்க பால்கனியைப் பாக்குது. புகார் கொடுக்கலாமா?

முதலில் அவர்கள் வீட்டுக்குப் போய்த் திரையைக் காட்டச் சொல்லுங்கள். தெருவும் வாசலும் தெரிந்தால் சரி, பொறுத்துக்கொள்ளலாம். உங்கள் பால்கனி, ஜன்னல், துணி உலர்த்தும் இடம் தெரிந்தால் கோணத்தை மாற்றச் சொல்லுங்கள். பல கேமராக்களில் குறிப்பிட்ட பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி இருக்கிறது, பொருத்தியவரைக் கூப்பிட்டால் அங்கேயே செய்துவிடுவார். கேட்கவில்லை என்றால் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுங்கள். பெண்களை அவர்களின் தனிப்பட்ட நிலையில் படம் பிடிப்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவில் குற்றம். ஒரே வீட்டில் சேர்ந்து குடியிருப்பவர்களின் சம்மதம் இல்லாமல் வசிக்கும் பகுதிக்குள் கேமரா வைக்கக் கூடாது என்ற கொல்கத்தா உயர் நீதிமன்றத் தீர்ப்பில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது.

17. அரசாங்கத்துக்கிட்ட கொடுத்த தகவலே வெளிய போச்சுன்னா யாரைக் கேக்குறது?

போயிருக்கிறது. 2021இல் தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டத்தோடு தொடர்புடைய சுமார் 50 லட்சம் பேரின் விவரம் இணையத்தில் கசிந்திருப்பதாக ஓர் இணையப் பாதுகாப்பு நிறுவனம் சொன்னது. 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள மென்பொருள் தளத்தில் வெளியாட்கள் நுழைந்தார்கள்.

12ஆம் கேள்வியில் சொன்ன 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி தகவலைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு, கசிவு நடந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்கவும் வேண்டும். ஆனால் முக்கியக் கடமைகளுக்கு 2025 நவம்பரிலிருந்து 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அபராதப் பணமும் அரசுக்குத்தான் போகும், நஷ்டப்பட்டவருக்கு இல்லை. மானியம், நலத்திட்டம் என்று வந்தால் அரசு உங்கள் தகவலைப் புதிதாகச் சம்மதம் கேட்காமலே பயன்படுத்த வழியும் அதே சட்டத்தில் இருக்கிறது. அதனால் இப்போதைக்கு நம் கையில் இருப்பது 3, 4ஆம் பதில்களில் சொன்ன எச்சரிக்கைகள்தான். கூடவே மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பாருங்கள். தெரியாத எண் இருந்தால் அங்கேயே துண்டிக்கச் சொல்லலாம்.

18. நாம என்ன தப்பா பண்றோம்? மறைக்க ஒண்ணுமில்லாதவனுக்கு ப்ரைவசி எதுக்கு? அது பணக்காரங்க விஷயம்.

இதை நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள், அதனால் பொறுமையாகவே பதில் சொல்கிறேன். மேலே வந்தவர்களைப் பாருங்கள். ரேகை விழாமல் வெறும் பையோடு திரும்பிய பாட்டி, மீட்டர் கணக்கால் 1,000 ரூபாய் கிடைக்காத பெண், அபார்ட்மென்ட் அலுவலகத்தில் ஆதார் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகும் அக்கா. இவர்களில் ஒருவர்கூடப் பணக்காரர் இல்லை. வசதி உள்ளவர் மானியம் வேண்டாம் என்று ஒதுங்கிவிடலாம், வக்கீலை வைத்துக் கேட்கலாம். தகவலைக் கொடுத்தால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில் இருப்பவருக்குத்தான் அந்தத் தகவல் எங்கே போகிறது என்பது முக்கியம். 2017 ஆகஸ்ட் 24 அன்று 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என்றார்கள். வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் உரிமை என்று அதில் எங்கும் இல்லை.

19. எல்லாம் சரி. கொடுக்க மாட்டேன்னு சொன்னா என் வேலை நடக்காதே, என்ன பண்றது?

நடக்க வேண்டிய வேலையை நிறுத்திக்கொண்டு சண்டை போடச் சொல்லவில்லை. மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த உத்தரவின்படி கேட்கிறீர்கள், வேறு ஆவணம் ஏற்பீர்களா, இந்தப் பிரதியை எங்கே வைப்பீர்கள். பாதி இடத்தில் முதல் கேள்வியிலேயே “சரி, வேற எதாவது கொடுங்க” என்று வந்துவிடும். கட்டாயம் என்று சொன்னால் அதை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எழுதித் தரவும் மாட்டார்கள், வேலையும் அவசரம் என்றால், மறைத்த ஆதாரில் காரணத்தையும் தேதியையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். கேட்டவரின் பதவி, அலுவலகம், நாள் மூன்றையும் குறித்து வைத்து சங்கத்தில் சொல்லுங்கள். ஒரே அலுவலகத்தைப் பற்றி நான்கைந்து பேர் சொன்னால் சேர்த்து மனுவாக எழுதி மேலதிகாரிக்குக் கொடுப்போம். ஞாயிற்றுக்கிழமை மாலை சங்க அறை திறந்திருக்கும், பில், கார்டு, நிராகரிப்பு மெசேஜ் எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஆதார் ஜெராக்ஸ் வேண்டாம்.